இரண்டாவது டெண்டர் பெட்டி

எங்கள் ஆபீஸ் டெண்டருக்கு வருஷா வருஷம் மூன்றே பேர் விலை போடுவதற்குக் காரணம், ஊரில் மற்றவர்களுக்கு விஷயமே தெரியாததுதான் என்று நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். மீசை நரைக்கத் தொடங்கிய வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்துகொண்டு, கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு நம்பினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. டெண்டர்களுக்கென்று தனிச் சட்டம் வந்திருந்த புதிது. மாணவர் விடுதிகளுக்குப் போர்வை, பாய், தட்டு எல்லாம் வாங்கிக் கொடுக்கும் ஓர் அரசு நிறுவனத்தின் திண்டுக்கல் அலுவலகத்தில் எனக்கு வேலை. என் நாற்காலிக்குப் பின்னால் ‘கொள்முதல் கொள்கைப் பிரிவு’ என்று பலகை தொங்கும். பிரிவு என்றால் நான், ஒரு மேஜை, ஒரு பக்கம் மட்டும் திரும்பும் ஃபேன். நான் எதையும் வாங்க மாட்டேன். எப்படி வாங்க வேண்டும் என்று யோசித்துக் குறிப்பு எழுதுவேன். டெண்டர் அறிவிப்பு வெளியே போகும் முன் படித்து, ‘இந்த நிபந்தனை போட்டியைக் குறைக்கிறது, நீக்கலாம்’ என்பேன். எல்லாம் முடிந்த பிறகு, ‘ஏன் இத்தனை பேர்தான் வந்தார்கள்’ என்று இன்னொரு குறிப்பு. என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். வீட்டுக்காரர் என்ன வேலை என்று யாராவது கேட்டால், “கடைக்குப் போக மாட்டாரு. கடைக்கு எப்படிப் போகணும்னு எழுதுவாரு” என்பாள்.

மூன்று பேர் மட்டுமே வரும் நோய்க்கு நான் கண்டுபிடித்த மருந்து விளம்பரம். பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டினேன். பேகம்பூரில் பள்ளிவாசல் தெரு டீக்கடையில் ஒட்டினேன். எங்கள் மாதா கோயில் போர்டில், கல்யாண ஓலைக்குப் பக்கத்தில், போர்வை டெண்டரையும் குத்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த சனங்கள், ‘இத்திருமணத்திற்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்’ என்பதைப் படித்த கையோடு போர்வையின் நீள அகலத்தையும் படித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷமும் மூன்று பேர்தான். அதே மூன்று பேர்.

என் மடத்தனத்தைத் தெளிய வைத்தவர் ஓர் அம்மா. வேடசந்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மில்லில் நூல் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, விசைத்தறியில் போர்வை நெய்கிறவர். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, “சார், நீங்க ஒட்டுற நோட்டீச ரெண்டு வருசமாப் படிக்கிறேன்” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உட்காரச் சொல்லி, பிறகு ஏன் விலை போடவில்லை என்று கேட்டேன்.

போட்டாராம். போட வந்தாராம். எங்கள் ஆபீஸ் கேட்டில் வெள்ளைச் சட்டை போட்ட நாலைந்து பேர் நின்றார்களாம். ‘அக்கா, வெயில்ல எதுக்கு அலையிறீங்க’ என்று எதிர் டீக்கடையில் உட்கார வைத்து, காபியும் வடையும் வாங்கிக் கொடுத்து, கையிலிருந்த கவரை ‘நாங்க போட்டுர்றோம்’ என்று வாங்கிக்கொண்டு, வேடசந்தூர் பஸ்ஸில் ஏற்றி டிக்கெட்டும் எடுத்துவிட்டார்களாம். மறு வருஷமும் அதே கேட், அதே காபி, அதே பஸ்.

“ஒரு கெட்ட வார்த்த பேசல சார். கையத் தொடல. ஆனா அந்தக் காபியக் குடிக்கையில என் கை நடுங்குன நடுக்கம் எனக்குத்தான் தெரியும்” என்றார். எழுந்துகொண்டே சொன்னார்: “இந்த வருசமும் முடியலேன்னா தறிய வித்துருவோம்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. தோத்தாலும் பரவால்ல சார். என் விலைய ஒரு தரமாச்சும் பெட்டிய ஒடச்சுச் சத்தமாப் படிக்கணும். அதக் கேட்டுட்டா போதும்.”

அவர் போன பிறகு என் உடம்பில் ஏதோ ஏறிக்கொண்டது. வீரம் என்று அப்போது நினைத்தேன். மத்தியானம் சாப்பிடாததால் வந்ததாகவும் இருக்கலாம். உட்கார்ந்த இருப்பில் ஒரு குறிப்பு எழுதினேன். டெண்டர் பெட்டி ஒரே இடத்தில் இருப்பதால்தான் அந்த இடத்தை மறிக்க முடிகிறது. ஆகவே வேறு ஊரில் இரண்டாவது பெட்டி வைக்க வேண்டும். யார் வந்து போடுகிறார்கள் என்று அலுவலருக்கும் தெரியாதபடி, பின்வாசல் உள்ள அறையில் வைக்க வேண்டும். முன்பு போட்ட விலையைக் குறைக்க விரும்புகிறவரும் அங்கே திருத்தக் கவர் போடலாம். கெடு முடிந்ததும் பெட்டிக்கு அரக்கு வைத்து, திறக்கும் நேரத்துக்குள் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் உண்டு. நான் எழுதிய எந்தக் குறிப்பும் அதுவரை உயிரோடு திரும்பியதில்லை. எங்கள் மேனேஜர் ஓய்வு பெற நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். எந்தக் கோப்பிலும் ‘பேசுக’ என்று ஓரத்தில் எழுதுவார். பேசப் போனால் ‘அப்புறம் பேசுவோம்’ என்பார். அவரைத் தாண்டிப் போனால் சென்னை. சென்னைக்குப் போன குறிப்பு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

இது திரும்பி வந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் சோதனை முயற்சியாகச் செய்து பார்க்கலாமாம். வேடசந்தூரில் பெட்டி வைக்கலாமாம். யோசனை சொன்ன அலுவலரே பெட்டிக்குப் பொறுப்பாக இருந்து, தம் கையால் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமாம்.

படித்து முடித்தபோது ஃபேன் என் பக்கம் திரும்பியிருந்தது. ஆனாலும் வேர்த்தது.

அந்த மூன்று பேரில் ஒருவருக்குச் சிவப்பு பைக். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் மூன்று பேனா, பெரிய தொந்தி. கேட்டில் நிற்கும் வெள்ளைச் சட்டைகளுக்கு அவர்தான் தலைமை என்று ஆபீஸில் பேச்சு. சென்னை ஆர்டர் வந்த வாரமே, நான் டீ குடிக்கும் பெஞ்சில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“வேடசந்தூர்ப் பெட்டிக்கு நீங்கதான் பொறுப்பாமே சார்?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஏதோ ஒரு பிராணியின் சத்தம் வந்தது.

“பெட்டி கெட்டியான பெட்டிதான?”

“இரும்பு.”

“ஜீப்புலயா, பஸ்லயா?”

ஜீப் என்றேன்.

“வழி ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல சார். மடியிலேயே வச்சுக்கங்க. பத்திரமா வந்து சேரணும்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது என் டீக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா குடித்த காபி எப்படி இருந்திருக்கும் என்று அந்த டீயின் கடைசி மடக்கில் எனக்குப் புரிந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே கேட்டாள்.

“பத்திரமா வாங்கன்னுதான சொன்னாரு?”

“அது மிரட்டுறதுக்குன்னே உள்ள பாஷை. ஒனக்குப் புரியாது.”

“அப்ப நானும் தெனமும் காலையில ஒங்கள மிரட்டித்தான் அனுப்புறேனா?”

சிரித்தாளே தவிர, அன்றைக்கு அவள் ஒரே பேப்பருக்கு இரண்டு தடவை மார்க் போட்டதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் மனிதனாகவே இல்லை. ஆபீஸுக்குத் தினம் ஒரு வழியாகப் போனேன். ஒரு நாள் பேகம்பூர் சந்துகளில் புகுந்து, வழி தவறி, ஒரு கல்யாண வீட்டுச் சமையல் பந்தலுக்குள் போய் நின்றேன். “வாங்க பாய், உக்காருங்க” என்று இலை போட்டார்கள். பயத்தில் இரண்டு தரம் கறி வாங்கிச் சாப்பிட்டேன். தெருவில் சிவப்பாக எது போனாலும் கடைக்குள் நுழைந்துவிடுவேன். எங்கள் வீட்டில் அந்த மாதம் தேவைக்கு மேல் சோப்பும் ஊதுவத்தியும் சேர்ந்தது அப்படித்தான். இன்ஷூரன்ஸ் பேப்பர் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். “பெட்டி போனாப் போகட்டும். நீங்க ஓடியாந்துருங்க” என்றாள். எனக்கு ஓடத் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த நாளும் வந்தது. மனைவி ஜெபமாலையை என் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். வேடசந்தூரில் எங்கள் கிளை அலுவலகத்தின் பின்னறையில், ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பெட்டியைப் பூட்டினேன். முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். யார் போடுகிறார்கள் என்று பார்க்கக் கூடாது. விதி அது, எழுதியவன் நான்.

டெண்டர் பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றுவார்கள், மை ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பின்னறையில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைத் தீட்டினேன். முதலில் கேட்டது வளையல் சத்தம். அந்த அம்மா ஜன்னல் வழியாக, “போட்டுட்டேன் சார். திண்டுக்கல்லுக்குப் போய்க் காத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகும் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு தரம் இல்லை, பல தரம். கனமான நடை. பெட்டியின் தகடு லேசாகத் தட்டுப்படும் ஓசை. பார்க்காதே என்றது விதி. பார்க்காதே, பார்க்காதே என்றது வயிறு. என் உத்தியோக வாழ்வில் விதியும் நானும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே கிடையாது.

கெடு முடிந்ததும் போய்ப் பார்த்தேன். பெட்டி நனைந்திருக்கவில்லை. அதன் வாயில் துணியைக் கட்டி, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். அரக்கு என் பெருவிரலிலும் விழுந்தது. அன்று முழுக்க என் விரலும் அரசு முத்திரையோடுதான் இருந்தது.

மேனேஜர் காலையிலேயே ஜீப்பை எடுத்துக்கொண்டு பழனிக்குப் போய்விட்டார். போனில் கேட்டதற்கு, “பஸ்ஸுல வாங்க. அதத்தான் யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. நான் திறக்குற நேரத்துக்கு வந்துருவேன்” என்றார்.

மூன்று மணிக்குத் திண்டுக்கல்லில் பெட்டிகளைத் திறப்பார்கள். என் பெட்டி அதற்குள் போகவில்லை என்றால், அங்கே இருக்கும் பெட்டியை மட்டும் திறந்து, வழக்கமான மூன்று பேரில் ஒருவருக்கு ஆர்டர். அந்த அம்மாவின் தறி கைமாறும். என்னைப் பற்றிச் சென்னை எழுதும் குறிப்பு மட்டும் நிச்சயம் உயிரோடு வந்து சேரும்.

பஸ்ஸில் மில் ஷிப்டு முடிந்த பெண்கள் கூட்டம். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். அரசாங்கப் பெட்டி என்றேன். “அரசாங்கமும் லக்கேஜ் போடணும்ல” என்று டிக்கெட்டைக் கிழித்தார். பக்கத்தில் நின்ற பெண், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது, “இம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கீகளே அண்ணே, நகையா உள்ள?” என்றாள். “நகைன்னா இப்படி வேர்க்காதுடி. பொண்டாட்டிக்குத் தெரியாம என்னமோ கொண்டு போறாரு” என்றாள் இன்னொருத்தி. பஸ்ஸே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். அப்போதுதான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

சிவப்பு பைக்.

பஸ் நின்றால் அது புளியமரத்து நிழலில் நின்றது. பஸ் புறப்பட்டால் அதுவும் புறப்பட்டது. சில நேரம் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பின்னால் வந்தது. தொந்தி, சந்தனம், மூன்று பேனா, சந்தேகமே இல்லை. அந்தோணியாரே, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவது உம் வேலை. காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வதும் சேர்த்தி என்று வைத்துக்கொள்ளும் என்று வேண்டினேன். ஜெபமாலையை உருட்டியதில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே ஜெபம் மறந்துபோய், டெண்டர் நிபந்தனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் சிறுமலை தெரியத் தொடங்கியது. இனி ஊர் பக்கம்தான் என்று மூச்சு விட்டேன். பஸ்ஸும் ஒரு பெரிய மூச்சு விட்டு நின்றது. டயர்.

ஸ்டெப்னியும் இல்லை என்றார் டிரைவர். பெண்கள் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்து தூக்கு வாளியைத் திறந்தார்கள். இரண்டு பக்கமும் சோளத்தட்டை நின்ற காடு. அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால் கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். நான் பெட்டியோடு ரோட்டோரத்தில் நின்றேன். பைக் வந்து என் காலுக்கு முன்னால் நின்றது.

“ஏறுங்க சார்.”

இல்லை, அடுத்த பஸ் வரும் என்றேன்.

“அது வாரதுக்குள்ள பெட்டியத் தொறந்துருவாங்க. ஏறுங்க.”

சுற்றிலும் பார்த்தேன். நகையா என்று கேட்ட பெண், “ஏறுங்கண்ணே, நல்ல மனுசரா இருக்காரு, தானா வந்து கூப்பிடுறாரு” என்றாள். ஓடலாமா என்று யோசித்தேன். பெட்டியோடு ஓட முடியாது. பெட்டியை விட்டுவிட்டு ஓடலாம். ஆனால் ஒரு பெண்ணின் விலை உள்ளே இருக்கிறது, அவர் திண்டுக்கல்லில் அதைக் கேட்கக் காத்திருக்கிறார். இதெல்லாம் நான் பிற்பாடு யோசித்தது. அப்போது கால் தானாகப் போய் ஏறிக்கொண்டது. பயந்தவன் சொன்ன பேச்சைக் கேட்பான்; அவ்வளவுதான்.

அவர் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் பெட்டி. பைக் கொஞ்ச தூரம் ரோட்டில் போய், சட்டென்று இடப்பக்கம் மண்பாதையில் இறங்கியது. என் உயிர் ரோட்டிலேயே தங்கிவிட்டது. எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

“ரயில்வே கேட்டு சாத்திருப்பான் சார். இது குறுக்குப் பாத. பெட்டியக் கெட்டியாப் புடிங்க.”

ஒரு பாழடைந்த பம்புசெட் ரூம் வந்தது. இங்கேதான் என்று முடிவு செய்தேன். தாண்டிப் போனது. ஒரு வறண்ட கிணறு வந்தது. சரி, கிணற்றில்தான். அதையும் தாண்டியது. ஒவ்வொரு இடமாகச் செத்துச் செத்து, தண்டவாளத்தைக் கடந்து, ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஊர். பஸ் ஸ்டாண்டு, கடைவீதி, பேகம்பூர் திருப்பம், எங்கள் ஆபீஸ் கேட்.

கேட்டில் வெள்ளைச் சட்டைகள் நின்றார்கள். மற்ற இரண்டு காண்டிராக்டர்களும் நின்றார்கள். தங்கள் ஆள் ஓட்டும் பைக்கின் பின்னால் நானும் பெட்டியும் வந்து இறங்கியதைப் பார்த்து அவர்கள் முகத்தில் வந்த கலவரம் என் முகத்தில் இருந்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. பைக்காரரே பெட்டியின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கி மாடிப்படி ஏற்றினார்.

கூட்ட அறையின் கடைசி பெஞ்சில் அந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் நேரத்துக்கு வந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஆக இன்னும் கொஞ்சம் பாக்கி.

முதலில் திண்டுக்கல் பெட்டி. வழக்கமான மூன்று கவர், தங்களுக்குள் பேசிவைத்த வழக்கமான மூன்று விலை, ஒன்றைவிட ஒன்று கொஞ்சமாகக் கூட. மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் பெட்டி. ஒரே கவர்தான் இருக்கும் என்று மேனேஜரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அரக்கை உடைத்துக் கவிழ்த்தார். நான்கு கவர் விழுந்தன.

ஒன்று அந்த அம்மாவுடையது. மற்ற மூன்றும் அந்த மூன்று பேருடைய திருத்தக் கவர்கள். திண்டுக்கல்லில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசிவைத்த விலையைப் போட்டவர்கள், யாரும் பார்க்காத வேடசந்தூர்ப் பின்னறையில் தனித்தனியாக வந்து, மற்ற இருவருக்கும் தெரியாமல், அதைக் குறைத்து எழுதிப் போட்டிருந்தார்கள். மேனேஜர் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, மூன்று பேரும் கூரையை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். மூவரில் மிகவும் குறைத்திருந்தவர் பைக்காரர். தன் கவர் உள்ளே இருக்கும் பெட்டி வழியில் தொலைந்துவிடக் கூடாதென்றுதான் அவர் பஸ்ஸின் பின்னாலேயே வந்திருக்கிறார்.

கடைசிக் கவரை மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

போர்வை ஆர்டர் அந்த அம்மாவுக்குப் போனது. இரண்டாவது இடம் பைக்காரருக்கு. பெட்டியை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான்.